மாட்டுவண்டி, ரயில், லாரி - எங்க சீமையின் பாதைக் கதை

"ரோடு போட்டா ஊரு முன்னேறும்"னு சொல்லாத அரசியல்வாதி நம்ம ஊர்ல கிடையாது. நாலுவழிச்சாலையோ மேம்பாலமோ இரட்டை ரயில்பாதையோ, எது வந்தாலும் அடுத்த நாள் டீக்கடையில "இனிமே நம்ம ஏரியா எங்கேயோ போயிடும் பாரு"ன்னுதான் பேச்சு. எங்கேயோ போறது ஏரியாவா, இல்ல ஏரியாவுல செஞ்ச சரக்கு மட்டுமா? இதுதான் ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கிற கேள்வி.

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கத்துல இதுக்கு ஒரு நல்ல பதில் இருக்கு. இருநூறு வருஷத்துக் கதை. பதிவு கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துட்டு வந்துடுங்க. கூட சாத்தூர் காராச்சேவு இருந்தா இன்னும் விசேஷம் :-)

முதல்ல வைப்பாற்றங்கரை

வெம்பக்கோட்டைன்னா உங்கள்ல பாதிப்பேருக்கு அகழாய்வு ஞாபகம் வரும். மீதிப்பேருக்குப் பட்டாசு ஞாபகம் வரும். ரெண்டும் சரிதான்.

2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை, வைப்பாற்றின் வடகரையில் இருக்கிற விஜயகரிசல்குளத்துல தோண்ட ஆரம்பிச்சாங்க. மூணு கட்டமா வேலை நடந்தது. கண்ணாடி மணி, சுடுமண் பொருள், தங்கம், தந்தம்னு ஆயிரக்கணக்கான பொருள் கிடைச்சது. அதுல என்னைக் கவர்ந்தது சங்கு வளையல். முழுசா முடிச்சதும் இருக்கு, பாதியில விட்டதும் இருக்கு. அதாவது வளையலை வாங்கிப் போட்டுக்கிட்ட ஊர் மட்டும் இல்ல, வளையல் செஞ்ச ஊர்.

இப்போ மேப்பை எடுத்துப் பாருங்க. வெம்பக்கோட்டையில கடல் கிடையாது. சங்கு கிடைக்கிற மன்னார் வளைகுடா 60 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு. ஆனா அங்கேயிருந்து சங்கை இங்க கொண்டு வந்து, அறுத்து, தேய்ச்சு, வளையலாக்கி இருக்காங்க. மூலப்பொருள் ஒரு இடம், வேலை செய்ற கை இன்னொரு இடம், ரெண்டையும் சேர்க்க நடுவுல ஒரு பாதை. இந்தப் பக்கத்துத் தொழிலோட சூத்திரமே இதுதான். பின்னாடி வந்த தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இதேதான் பொருந்தும்.

பேட்டையும் மகமையும்

ரயிலுக்கு முன்னாடி என்ன இருந்தது? மாட்டுவண்டி. அதுக்கும் ஒரு கட்டமைப்பு தேவைப்பட்டது. அதைக் கட்டினது அரசாங்கம் இல்லைங்கறதுதான் சுவாரசியம்.

பாளையக்காரர் போர்கள் 1801-ல் முடிஞ்ச பிறகு வழிப்பயணம் கொஞ்சம் பத்திரமாச்சு. தெற்கே திருநெல்வேலிச் சீமையில இருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டி, உப்பு, கருவாடு, பருத்தின்னு ஏத்திக்கிட்டு வடக்கே வந்தாங்க. வண்டியையும் மாட்டையும் சரக்கையும் ராத்திரி பத்திரமா வைக்க ஒரு இடம் வேணுமே? சுத்துச்சுவர், கிணறு, கடை எல்லாம் வச்சு அவங்களே கட்டினதுதான் "பேட்டை". இப்போ நெடுஞ்சாலையில லாரி நிறுத்த இடம் ஒதுக்குறாங்களே, அதோட கொள்ளுத்தாத்தான்னு வச்சுக்கலாம்.

இந்தப் பேட்டைகளைச் சுத்தி ஊர் வளர்ந்தது. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டைன்னு ஆறு ஊர்களைச் சேர்த்துச் சொல்வாங்க. (விருதுபட்டிதான் 1923-ல் விருதுநகர்னு பேர் மாறினது.)

பேட்டைக்குச் செலவழிக்கக் காசு? அதுக்குத்தான் மகமை. வாங்கி விற்கிற சரக்குல மூட்டைக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகை. உறவின்முறை அதை வசூல் பண்ணும், கணக்கு வைக்கும். முதல்ல பேட்டைக்கும் கிணத்துக்கும் கோயிலுக்கும் போன காசு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் போச்சு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கின விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை பள்ளிக்கூடம் இந்த வழியில வந்ததுதான். காமராஜர் படிச்ச பள்ளி. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வச்சு அந்தப் பள்ளியை நடத்தினதையும் இன்னிக்கும் அங்க பெருமையாச் சொல்வாங்க.

மகமையை ரொம்பப் புனிதமாக்கவும் வேண்டாம். அது ஒரு சமுதாயம் தன்னோட மக்களுக்காகச் சேர்த்த நிதி. ஊர்ல இருந்த மத்த சாதிக்காரங்களுக்கு அந்தப் பணத்தை எதுக்குச் செலவழிக்கிறதுங்கறதுல எந்தச் சொல்லும் கிடையாது. ஆனா அந்த ஏற்பாட்டுல ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: சரக்கு எந்த ஊர் வழியா நகருதோ, அந்த ஊர்ல ஒரு பங்கு தங்கும். கடைசியில இதுக்குத் திரும்ப வருவோம்.

1876: ரயிலும் பஞ்சமும்

தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையில இருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் பாதை போட்டது. விருதுபட்டி, சாத்தூர் ரெண்டும் அந்த வழியில வந்துடுச்சு. சிவகாசிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இல்லை.

எதுக்காகப் போட்ட பாதை? கரிசல் மண்ணைப் பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருத்திக்குத்தான். 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தப்போ லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பருத்தி வரத்து நின்னு, இந்தியப் பருத்திக்கு ஏகப்பட்ட கிராக்கி. அதுலயிருந்தே உள்நாட்டுப் பருத்தியைத் துறைமுகத்துக்குச் சீக்கிரம் கொண்டு போறதுல எல்லாருக்கும் கண்ணு.

இங்கிலாந்துல 1830-ல் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் வந்தது. துறைமுகத்துல இறங்குற பருத்தி மில் ஊருக்குப் போகணும், துணியாகித் திரும்ப வரணும். நம்ம பாதையில பருத்தி துறைமுகத்துக்குப் போச்சு, துணி அங்கேயிருந்து வந்தது. தண்டவாளம் என்னவோ ஒண்ணுதான். ஆனா லாபம் தர்ற வேலை எந்த முனையில நடக்குதுங்கறது தலைகீழ். எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, பாண்ட்வித்தை ஏத்தியாச்சு, ஆனா டவுன்லோடு யார் பண்றாங்கன்னு பார்க்கணும்.

இதைவிடக் கொடுமையான பாடம் அதே வருஷம் வந்தது. 1876-78 பஞ்சம். நம்ம தாத்தா பாட்டிகள் வாயில தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான ஜனம் செத்துப்போச்சு. ரயில் இருந்தா வெளியூர்த் தானியம் வந்து உயிரைக் காப்பாத்தும்னு அதிகாரிகள் சொல்லிட்டிருந்தாங்க. வந்தது உண்மைதான். ஆனா எங்க அதிக விலையோ அங்க தானியத்தைத் தூக்கிட்டுப் போகவும் அதே ரயில்தான் உதவிச்சு. பஞ்ச காலத்துலயும் நாட்டை விட்டுத் தானிய ஏற்றுமதி நடந்துட்டுதான் இருந்தது. கையில காசு இல்லாதவனுக்குப் பக்கத்துல ஸ்டேஷன் இருந்து என்ன பிரயோஜனம்?

அதுக்காக ரயிலால நன்மையே இல்லைன்னு சொல்லலை. விருதுபட்டி பெரிய சந்தையானதுல ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. மிளகாய் வத்தல், பருப்பு, எண்ணெய், ஏலக்காய், காப்பி எல்லாம் வந்து கைமாறிப் போகும். "விருதுநகர் மார்க்கெட் நிலவரம்"னு பேப்பர்ல விலைப்பட்டியல் பார்த்திருப்பீங்க. மிளகாய் விளையறது எங்கேயோ, சாப்பிடறது எங்கேயோ, விலை சொல்றது இந்த ஊர். பேட்டை காலத்துலயே கிடங்கு, கடன், கணக்கு, நம்பிக்கை எல்லாம் தயாரா இருந்தது. ரயில் வந்ததும் அது பல மடங்காச்சு, அவ்வளவுதான். எத்தனையோ ஊர் வழியா ரயில் போகுது, எல்லாம் விருதுநகர் ஆயிடலையே.

1927: சிவகாசியின் முறை

இப்போ சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. 1923-ல் சிவகாசியில தொழில் ஆரம்பம். அப்போ அந்த ஊர்ல ரயில் கிடையாது. விருதுநகர் ஸ்டேஷன் 25 கிலோமீட்டர் சொச்சம்.

அதே சமயத்துல ஸ்வீடன்காரங்களோட விம்கோ கம்பெனி பம்பாயை மையமா வச்சு, பெரிய நகரங்கள் பக்கத்துல மெஷின் தொழிற்சாலைகளைத் தொடங்குது. சென்னைக்குத் திருவொற்றியூர். துறைமுகம், மெஷின், முதலீடு எல்லாம் அவங்க பக்கம். சிவகாசிகிட்ட இருந்தது வறட்சியும், வேலை தேடுற ஜனமும், கடன் கொடுக்க ஆள் இருந்த ஒரு வணிகக் கூட்டமும்.

1927-ல் விருதுநகர் - தென்காசி ரயில்பாதை திறந்தது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழி. செங்கோட்டையில இருந்து புனலூர், கொல்லத்துக்கு 1904-லேயே மலைப்பாதை வந்துட்டதால, மதுரையில இருந்து திருவிதாங்கூருக்குத் திருநெல்வேலி சுத்தாம போற சுருக்கு வழி கிடைச்சது. நாலு வயசுத் தீப்பெட்டித் தொழிலுக்காக யாரும் அந்தப் பாதையைப் போட்டிருக்க மாட்டாங்க. ஆனா சிவகாசிக்கு அது அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி அமைஞ்சது.

ஏன்னா தீக்குச்சிக்கு மென்மரம் வேணும். கரிசல்ல வேலிக்காத்தான்தான் வளரும் :-) மென்மரம் இருக்கிறது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துல. ரசாயனம் துறைமுகத்துல இருந்து வரணும். செஞ்ச பெட்டி நாடு முழுக்கப் போகணும். மூணுக்கும் ரயில் ஆச்சு. விஜயகரிசல்குளத்துச் சங்கு வளையல் சூத்திரம்தான், கூட நீராவி இன்ஜின்.

பெட்டிக்கு லேபிள் ஒட்டணும், அதனால அச்சுத்தொழில். மருந்து கலக்குற கை பழகினதால பட்டாசு. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிம முறை ஒழுங்கானதும் பட்டாசு தனித் தொழிலா வேரூன்றிச்சு. "குட்டி ஜப்பான்"னு நேரு சொன்னதாச் சொல்வாங்களே, அந்தப் பேருக்குப் பின்னாடி இந்த மூணு தொழிலும் இருக்கு.

அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1963-ல். அடுத்த வருஷம் மானாமதுரை வரை நீண்டது. சிவகாசியை விட 36 வருஷம் பின்னாடி. ஆறு பேட்டை ஊர்கள்ல ஒண்ணா இருந்த ஊர் அது. நெசவும் நூற்பும் அங்க இருந்தது, தொழில் தெரிஞ்ச கையும் இருந்தது. பாதை பிந்தினா என்ன ஆகும்னு கேட்கிறவங்க இந்த ரெண்டு ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கலாம்.

ரயில் கைவிட்டது, லாரி கைகொடுத்தது

இன்னிக்கு சிவகாசி ஸ்டேஷன்ல பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறுங்க. பட்டாசு ஊர்ல இருந்து ஒரு கம்பி மத்தாப்பூ பாக்கெட் கூட எடுத்துட்டுப் போக முடியாது. 1989-ம் வருஷ ரயில்வே சட்டம் 164-வது பிரிவு: மூணு வருஷம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம். பயணிகள் பாதுகாப்புக்கு நியாயமான சட்டம்தான்.

வெடிக்காத சரக்கு கூட ரயிலை விட்டுப் போனதுக்குக் காரணம் வேற. 1980-களில் ரயில்வே தன் சரக்குக் கொள்கையை மாத்திச்சு. சில்லறைச் சரக்கு வேண்டாம், முழு ரேக்கா கொடுங்க, நாங்க இழுக்கிறோம்னுட்டாங்க. ஒரு ரேக்னா நாற்பது வேகன் சொச்சம். நிலக்கரி, சிமெண்ட், உரத்துக்கு அது சரி. தெருவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம்னு நூத்துக்கணக்கான சின்ன யூனிட் இருக்கிற ஊர்ல, ஒரே நாள்ல ஒரே ஊருக்கு நாற்பது வேகன் சரக்கு யார் தர்றது?

அந்த இடத்தை லாரி பிடிச்சுது. கதவு வாசல்ல ஏத்தி, பாட்னாவுல கடை வாசல்ல இறக்கும். சிவகாசித் தெருக்கள்ல லாரி புக்கிங் ஆபீஸ் பெருகினது இதனாலதான். செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் பாதையை அகலமாக்க 2010-ல் மூடி, 2018-லதான் முழுசா திறந்தாங்க. நடுவுல எட்டு வருஷம். தீப்பெட்டித் தொழில் அதுக்காகப் படுத்துடலை, மரம் ஆரியங்காவு ரோட்டுல லாரியில வந்துட்டுதான் இருந்தது. 1927-ல் உயிர்நாடியா இருந்த பாதைக்கே இந்த கதி.

லாரி இன்னொண்ணும் செஞ்சது. பட்டாசு ஆலைக்குச் சட்டப்படி வீடுகள்ல இருந்து இடைவெளி வேணும், நிறைய காலி நிலம் வேணும். ரயிலை நம்பின தொழில்னா ஸ்டேஷனை விட்டு விலக முடியாது. லாரி வந்த பிறகு எங்க வேணா போகலாம். அப்படித்தான் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆலைகள் பரவிச்சு. வெம்பக்கோட்டையில ஸ்டேஷன் கிடையாது. ஆனா இந்தியப் பட்டாசுல சுமார் 90 சதவீதம்னு பொதுவாச் சொல்ற சிவகாசி வட்டாரத்துச் சரக்குல பெரிய பங்கு இந்தக் கரிசக்காட்டுல இருந்துதான் கிளம்புது. அட்டைப்பெட்டி மேல பேர் மட்டும் சிவகாசி.

கம்பெனி பஸ்

சரக்கு வண்டியைப் பத்தியே பேசிட்டிருக்கோம். ஆள் ஏத்தின வண்டியையும் பேசணும்.

1970, 80-களில் விடியறதுக்கு முன்னாடி கிராமம் கிராமமா வந்த தீப்பெட்டி ஆபீஸ் பஸ்கள் ஏத்திட்டுப் போனது குழந்தைகளை. தூங்கி வழியற பிள்ளைகளை அம்மாக்கள் எழுப்பி அனுப்புவாங்க. 1990-ல் வந்த "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" ஆவணப்படம் இந்த உலகத்தைப் பதிவு பண்ணியிருக்கு. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996 டிசம்பர்ல சிவகாசி வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதோட சத்துணவு, பள்ளிக்கூடம்னு பல காரணங்கள் சேர்ந்து அந்தக் காட்சி மாறிச்சு. இப்போ வேன்ல போறது பெரியவங்க, அதுல நிறையப் பேர் பெண்கள்.

பஸ் வசதிங்கறது ஊருக்கு நல்லதா கெட்டதா? ஒரே ரோடுதான். காலையில பிள்ளையை ஸ்கூலுக்கும் கூட்டிட்டுப் போகலாம், மருந்து உருட்டவும் கூட்டிட்டுப் போகலாம். ரோட்டுக்கு அது தெரியாது. ஊர்தான் முடிவு பண்ணணும்.

திரும்பி வர்ற பாதையும் இருக்கு. 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி, கிட்டத்தட்ட 40 பேர். 2021 பிப்ரவரியில அச்சங்குளம், 20-க்கும் மேல. 2024 பிப்ரவரியில வெம்பக்கோட்டை பக்கம் ராமுதேவன்பட்டி, 10 பேர். ஒவ்வொரு முறையும் உடம்பு வெந்தவங்களை ஏத்திக்கிட்டு வண்டி சிவகாசி அரசு மருத்துவமனைக்கு ஓடும், ரொம்ப மோசம்னா மதுரை ராஜாஜி மருத்துவமனை வரைக்கும். மாவட்டத்துக்குன்னு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியிலதான். தீப்பெட்டித் தொழில் தொடங்கி 99 வருஷம் கழிச்சு.

பட்டாசு பாட்னா போறதுக்கு வழி இருந்தது. வெந்தவங்களுக்குப் பக்கத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரி வர்றதுக்கு நூறு வருஷம் ஆச்சு. போக்குவரத்து முதலீட்டுக்குக் கணக்கு எழுதறவங்க டன் கணக்கோட இந்தத் தூரத்தையும் எழுதணும்.

மூட்டை போன இடம், காசு தங்குற இடம்

மகமையை மனசுல வச்சுக்கச் சொன்னேனே, அதுக்கு வருவோம்.

மகமை, மூட்டை கிளம்புற ஊர்லயும் கைமாறுற ஊர்லயும் தங்கிச்சு. 2017-ல் வந்த ஜிஎஸ்டி அப்படி இல்லை. அது நுகர்வு நடக்கிற இடத்துக்கான வரி. பட்டாசுக்கு 28 சதவீதத்துல ஆரம்பிச்சு அப்புறம் 18 ஆச்சு. வெம்பக்கோட்டையில செஞ்ச பெட்டி லக்னோவுல வித்தா, அந்த வரியில மாநிலப் பங்கு போய்ச் சேர்றது உத்தரப்பிரதேசத்துக்கு. வரித் தத்துவப்படி இதுக்கு நியாயம் சொல்லலாம், வாங்குறவன்தானே வரி கட்டுறான்? ஆனா ரோட்டைத் தேய்ச்சதும், புகையைக் குடிச்சதும், கையைச் சுட்டுக்கிட்டதும் இந்த ஊர்.

மாட்டுவண்டி காலத்து வணிகர்களுக்குத் தெரிஞ்சது இதுதான்: பாதை தானா ஊரை வளர்க்காது, பாதையில போறதுல ஒரு பங்கைப் பிடிச்சு ஊர்ல போட்டாத்தான் வளரும். கிணறு, பேட்டை, பள்ளிக்கூடம்னு போட்டாங்க. அதனாலதான் ரயில் வந்தப்போ விருதுபட்டி தயாரா இருந்தது. அன்னிக்கு ஒரு சமுதாயம் தனக்குச் செஞ்சதை இன்னிக்கு எல்லாருக்குமாச் செய்ற ஏற்பாடு வேணும். பெட்டிக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகை, ஆலை இருக்கிற தாலுகாவுலேயே தீக்காய சிகிச்சைக்கும் ஆம்புலன்ஸுக்கும் தொழிலாளி பிள்ளைங்க படிப்புக்கும். கனிமம் தோண்டுற மாவட்டங்களுக்கு 2015-ல் இருந்து மாவட்டக் கனிம அறக்கட்டளைன்னு ஒண்ணு சட்டப்படி இருக்கு. தோண்டுறதுக்கு முடியும்னா உருட்டுறதுக்கு முடியாதா?

இது இப்பவே பேச வேண்டிய விஷயம். அடுத்த சுற்று முதலீடு வந்துட்டிருக்கு. மதுரை - விருதுநகர் - மணியாச்சி இரட்டை ரயில்பாதை 2024-ல் முடிஞ்சது. சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்துல 1,052 ஏக்கர்ல ஜவுளிப் பூங்கா, 2023-ல் அறிவிச்சது. நாலுவழிச்சாலையும் தூத்துக்குடித் துறைமுகமும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கிறது அந்த இடத்தோட பலம். பட்டாசை விட்டு வெளியே வர நினைக்கிற குடும்பங்களுக்கு அது ஒரு வாசல் ஆகலாம். வெம்பக்கோட்டைக் கிராமத்துல இருந்து அந்தப் பூங்காவுக்குக் காலையிலயும் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சும் டவுன் பஸ் ஓடுமா? 2021-ல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் அந்த வழியில போகுமா? நாலுவழிச்சாலையை விட அந்த ஒரு பஸ்தான் ஒரு வீட்டோட தலையெழுத்தை மாத்தும்னு நினைக்கிறேன்.

சங்கு வந்த பாதையில பருத்தி போச்சு, தீப்பெட்டி போச்சு, பட்டாசு போயிட்டிருக்கு. அடுத்து துணி போகட்டும். கூடவே ஒரு பங்கு இங்கேயே தங்கட்டும்.

உங்க ஊர்ல ரயிலோ பைபாஸோ வந்து என்ன மாறிச்சு? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

பி.கு: விருதுநகர் பத்தி இவ்வளவு எழுதிட்டு எண்ணெய்ப் புரோட்டாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேன்னு திட்டாதீங்க. அதுக்குத் தனிப் பதிவு உண்டு :-)